அறுபத்து மூன்றாவது கணக்கு

அன்று காலை கேன்டீனில் ரசவடை நன்றாக இருந்தது. இரண்டு சாப்பிட்டேன். என் மனநிலையைப் பற்றி நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆத்திரத்தில் இருப்பவன் ரசித்துச் சாப்பிட மாட்டான்.

கருங்கல் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் பதினேழு வருடமாகக் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்கிறேன். முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, சர்வரில் புதிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டேன். ஒவ்வொரு ஊழியருக்கும் சர்வரில் ஒரு கணக்கு, அதற்கு ஓர் எண். எண் பொருந்தினால்தான் அவர் எழுதிய பைல் மற்றவர்களுக்கும் திறக்கும். புதிய சிஸ்டம் எல்லா எண்களையும் மாற்றிப் போட்டுவிட்டது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்தினேன். மொத்தம் அறுபத்து மூன்று பேர். மாலை ஆராதனைக்கு முன் அறுபத்திரண்டு முடிந்தது. மிச்சம் வார்டு நர்ஸ் ஜெஸ்பின் சிஸ்டருடையது. ஒரு நிமிட வேலைதான். வேண்டுமென்றே விட்டேன்.

காரணம் உண்டு. எங்கள் ஆஸ்பத்திரியில் காலை ஜெபத்தோடுதான் வேலை தொடங்கும். யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஊழியர்கள் சொல்வார்கள். போன மாதம் ஜெஸ்பின் எழுந்து, "நம்ம ஜஸ்டஸ் அண்ணனுக்குக் கர்த்தர் கொஞ்சம் வேகம் குடுக்கணும். ஒரு பிரிண்டர் சரியாக்க நாலு நாளாக்கும்" என்றாள். போதகர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோருமாக ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஒரே ஒரு நாள் அவள் என் அறை வாசலில் வந்து கெஞ்ச வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

பூதப்பாண்டி சிவதாணு சனிக்கிழமை அட்மிட் ஆனவர். பென்சிலின் அவருக்கு ஆகாது என்று பழைய டாக்டர் சீட்டில் இருந்ததை ஜெஸ்பின் பார்த்துக் கம்ப்யூட்டரில் தன் குறிப்பில் எழுதியிருந்தாள். முன்பெல்லாம் இப்படிப்பட்ட நோயாளியின் கட்டிலில் சிவப்பு அட்டை தொங்கும். கம்ப்யூட்டர் இருக்கும்போது அட்டை எதற்கு என்று அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொன்னவன் நான்தான்.

திங்கட்கிழமை ஜெஸ்பினுக்கு மதியம்தான் டூட்டி. காலையில் வார்டிலிருந்து நர்ஸ் சுனிதா போன் செய்தாள்.

"அண்ணே, ஜெஸ்பின் சிஸ்டர் எழுதின சிவதாணு பைல் தெறக்கமாட்டேங்கு. டாக்டர் ஊசி எழுதியிருக்காரு. அதில முக்கியமா வல்லதும் உண்டா?"

"ஒண்ணும் இல்ல மக்கா. புதுசா ஒண்ணு தொடங்கி எழுது."

ஊசி போடும்போது சிவதாணுவின் மனைவி ஓமனா கஞ்சி வாங்கக் கேன்டீனுக்கு வந்திருந்தார். எனக்கு முன்னால்தான் வரிசையில் நின்றார். தூக்குப்பாத்திரத்தோடு திரும்பிப் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

அதன் பிறகு ஜெஸ்பினுடைய எண்ணைத் திருத்தினேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் புத்தாண்டு ஆராதனையில் அவரவருக்குக் கிடைக்கும் வாக்குத்தத்த பைபிள் வசனத்தைத்தான் பாஸ்வேர்டாக வைப்பார்கள். வசன அட்டையை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பார்கள். அவளுடைய வசனத்தைப் போட்டு, அவள் பெயரிலேயே உள்ளே போய், பென்சிலின் பற்றிய அந்த ஒரு வரியை அழித்தேன். மதியம் வந்து பார்த்தவள், "நான் எழுதினேன், சத்தியமா எழுதினேன்" என்று அழுதாள். அன்றைக்கே சஸ்பெண்ட் செய்தார்கள். மறுநாள் ஜெபத்தில் அவளுக்காக ஜெபிக்கச் சொன்னவன் நான்தான்.

வரி அழிந்த பகல் பன்னிரண்டு மணிக்கு ஜெஸ்பின் கருங்கல் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாள் என்று நீங்கள் கண்டுபிடித்தீர்கள். நல்ல வேலை. பாராட்டுகிறேன்.

பைலைப் பார்க்காமலே சுனிதாவிடம் சொல்லிவிட்டேன் என்றுதான் முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல. சர்வரை நிர்வகிப்பவனுக்கு எல்லாப் பைலும் திறக்கும். அவள் போனில் பேசும்போதே திறந்து படித்துவிட்டேன். பென்சிலின் கொடுக்கக் கூடாது என்று ஜெஸ்பின் எழுதி, மூன்று நட்சத்திரம் போட்டிருந்தாள்.

அதைச் சொல்லியிருந்தால் சிவதாணு பிழைத்திருப்பார். மறுநாள் காலை ஜெஸ்பினுடைய கவனத்துக்காக எல்லோரும் கர்த்தருக்கு நன்றி சொல்லியிருப்பார்கள். அதற்கும் நான் ஆமென் சொல்லியிருக்க வேண்டும்.

மற்றபடி அவள் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை, ஐயா.