அண்ணன் வருகிறார், கார்களை நிறுத்துங்கள்

பாயா ரும்புட் சந்திப்பின் சமிக்ஞை விளக்கில் மாலை ஐந்தரைக்கு மேல் யாருக்கும் அவசரம் இருக்கக்கூடாது. தொழிற்சாலை பஸ்களும் பள்ளி வேன்களும் ஒரே நேரத்தில் வந்து சேரும். கடக்கப் பத்து நிமிடம் ஆகும். தினமும் அந்த வழியாக வேலைக்குப் போய் வந்தவன் நான். அதற்காக யார் மீதும் கோபப்பட்டதில்லை.

தேர்தல் வந்தால் பத்து நாற்பதாகும். சாலையோரம் கூடாரம் போட்டு உறுமி மேளம் அடிப்பார்கள். தொண்டர்கள் தடத்தில் இறங்கிக் கார்களை நிறுத்தி, கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கொடி கொடுப்பார்கள்.

போன ஆண்டு இடைத்தேர்தல் சமயம் என் மனைவி பவானேஸ்வரிக்கு ஆஸ்துமா முற்றியது. பின் இருக்கையில் படுக்கவைத்து மருத்துவமனைக்குக் கிளம்பினேன். அந்தச் சமிக்ஞை விளக்கில் மருதமுத்து என் கண்ணாடியைத் தட்டினார். பிரச்சாரத்தை நடத்தியவர் அவர்தான். கையில் ஒரு கட்டுக் கொடி.

“தம்பி எந்த எஸ்டேட்டு?”

“நியாலாஸ் பக்கம், அண்ணே.”

“அட, நம்ம ஊரு லா. யாரு மகன்?”

“சாமிக்கண்ணு மகன்.”

“லாரி சாமிக்கண்ணா? அவரு லாரியில தொத்திக்கிட்டுத்தான்பா நான் ஸ்கூலுக்கே போனேன். ஒருநாள் பிடிச்சி காதைத் திருகினாரு பாரு, இன்னும் வலிக்குது.”

அவர் விடவில்லை. பின்னால் இரைப்புச் சத்தம் அடங்கியிருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். மருத்துவமனை வாசலில் இறக்கும்போது அவள் உதடுகள் நீலமாக இருந்தன. பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அவளுக்கு இருபத்தேழு வயது.

எட்டு மாதம் கழித்து மாநிலத் தேர்தல் வந்தது. அவர் கட்சியின் தேர்தல் நடவடிக்கை அறைக்குப் போய்த் தொண்டனாகச் சேர்ந்தேன். மருதமுத்து என்னைப் பார்த்து, “தம்பி எந்த எஸ்டேட்டு?” என்றார். சொன்னேன். யாரு மகன் என்றார். அதையும் சொன்னேன். லாரிக் கதையை முதல்முறை சொல்வதுபோல் சொல்லிச் சிரித்தார். அதுவரை எனக்குச் சிறிது தயக்கம் இருந்தது.

படித்தவன் என்பதால் நேர அட்டவணையை என்னிடம் கொடுத்தார்கள். அவருக்குக் காரும் ஓட்டினேன். இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தவர். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை இடுப்புப் பையில் வைத்திருப்பார். கார்களுக்கு நடுவே ஓடி ஓடிக் கொடி கொடுப்பார். அட்டவணையில் இரண்டு மணி நேர வெயிலை நான்காக்கினேன். “தம்பி போட்டுக் கொடுத்த வேலை, செஞ்சுதானே ஆகணும்,” என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னார்.

ஆறாம் நாள் மாலை ஐந்தேகாலுக்கு வியர்த்துப் போய் வந்து காரின் பின்னால் ஏறினார்.

“நெஞ்சு ஒரு மாதிரி பிடிக்குது தம்பி. மாத்திரையைக் காணோம்.”

அது என் கால்சட்டைப் பையில் இருந்தது. மதியம் அவர் சாப்பிடும்போது எடுத்தேன்.

“வீட்டுல விட்டிருப்பீங்க, அண்ணே. ஹாஸ்பிட்டல் போலாம்.”

“சீக்கிரம் லா.”

செம்பனைத் தோட்டத்தின் வழியாக ஒரு மண்சாலை உண்டு. காலியாக இருக்கும். நான் சமிக்ஞை விளக்கின் பக்கம் திருப்பினேன். கிளம்பும் முன்பே தொண்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தேன்: அண்ணன் வருகிறார், ஒரு காரையும் விடாதீர்கள்.

நம் ஆட்கள் நல்ல ஆட்கள். இரண்டு தடத்தையும் அடைத்தார்கள். உறுமிக்காரர்கள் காரைச் சுற்றி வந்து அடித்தார்கள். அவர் உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினார். கறுப்புக் கண்ணாடி. வெளியிலிருந்து கை மட்டும்தான் தெரிந்திருக்கும். அவர்களும் கொடியை ஆட்டினார்கள்.

“ஹாரன் அடி தம்பி.”

“நம்ம ஆளுங்கதானே அண்ணே. ஒரு நிமிஷம்.”

இருபத்திரண்டு நிமிடம் ஆனது. இடையில் பவானேஸ்வரியைப் பற்றி அவரிடம் சொன்னேன். எவ்வளவு கேட்டாரோ தெரியாது.

மாத்திரையை நான்தான் எடுத்தேன். கதவை நான்தான் பூட்டினேன். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், சார். அதில் எனக்கு மறுப்பில்லை.

போன ஆண்டு என் காரின் முன்கேமராவில் பதிவானதைப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். பச்சை விளக்கு மூன்று முறை விழுந்ததாம். எனக்கு முன்னால் சாலை காலியாகக் கிடந்ததாம். பின்னால் என் மனைவி மூச்சுக்குத் தவிக்கிறாள் என்று நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையாம்.

பெரியவர் என் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், சார். பாதியில் எப்படிக் கிளம்புவது?