முதலில் எழும்பாதவள்

தர்மிகா: கமெராக்கு முன்னால நான் நிக்கவேணும்.

யனுஷன்: ...என்ன?

தர்மிகா: விளங்கேல்லையோ? இந்த அமெரிக்க வரலாற்று வீடியோவில நான்தான் வந்து கதைக்கவேணும். சாருஜா இல்லை. நான்.

யனுஷன்: வந்து இன்னும் இருக்கக்கூட இல்லை, தர்மிகா...

தர்மிகா: இருந்திட்டுக் கேட்டா ஓமெண்டுவீங்களோ? யனுஷனிட்ட என்னத்தையும் கேள், இதை மட்டும் வாய் தவறியும் கேட்டுப்போடாத எண்டு அம்மா சொன்னவா. அதுதான் முதல் வேலையா இதைக் கேக்கிறன்.

யனுஷன்: அம்மா சொன்னாக் கேக்கிறேல்லையோ நீர்?

தர்மிகா: பதிலைச் சொல்லுங்கோ அண்ணை.

யனுஷன்: முதல்ல இந்த அண்ணையை விடும். எத்தினை தரம் சொல்லிப்போட்டன்.

தர்மிகா: பின்னை என்னெண்டு கூப்பிட? கீழ உங்கட டியூஷனுக்கு வாற பெடியள் மாதிரி சேர் எண்டோ? அது சரி, போன மாசம் வரைக்கும் நீ, வா, போ. இப்ப என்ன புதுசா நீர், வாரும்?

யனுஷன்: ஒரு மரியாதைதான்...

தர்மிகா: மரியாதை வேண்டாம். பதில்.

யனுஷன்: ஏலாது.

தர்மிகா: ஏலாதெண்டா ஏலாதோ? இல்லாட்டி யோசிச்சுச் சொல்லுறனெண்டோ?

யனுஷன்: ஏலாது. நீர் எழுதும். ஆராய்ச்சி செய்யும். அதுக்கு உம்மை அடிக்க ஆளில்லை. முன்னுக்கு சாருஜா நிக்கட்டும். முடிஞ்சுது கதை... ஆருக்கு மெசேஜ் அடிக்கிறீர்? நான் கதைச்சுக்கொண்டெல்லோ இருக்கிறன்.

தர்மிகா: அம்மாவுக்கு. இரவைக்கு என்ன சமைக்கிறதெண்டு கேட்டவா. ...சரி, அனுப்பியாச்சு. எடுங்கோ, தலைப்புகளைப் பாப்பம்.

யனுஷன்: அவ்வளவுதானோ? சண்டை பிடிப்பீர் எண்டு நினைச்சன்.

தர்மிகா: பிடிப்பன். தலைப்பில பிடிக்கிறன். செப்டெம்பரில ஏ லெவல் பிள்ளையள் வர முதல் ஆறு வீடியோ வேணுமெண்டனீங்கள். சொல்லுங்கோ, முதலாவது?

யனுஷன்: பொஸ்டன் தேயிலை. வரி கட்டமாட்டமெண்டு கப்பல்ல இருந்த தேயிலையைக் கடல்ல கொட்டினது. தொடக்கத்துக்கு நல்லாயிருக்கும். சாருஜா ஒரு கோப்பையைக் கையில...

தர்மிகா: வெட்டுங்கோ.

யனுஷன்: ஏன்?

தர்மிகா: பாடத்திட்டத்தில இல்லை. எங்கட பிள்ளையளுக்கு அமெரிக்க உள்நாட்டு யுத்தம் முடிஞ்ச பிறகுதான் தொடங்குது.

யனுஷன்: பாடத்திட்டத்தில இல்லையெண்டோ? சாருஜா கோப்பையோட நிண்டா வடிவாயிருக்கும் எண்டோ?

தர்மிகா: ரெண்டுந்தான்.

யனுஷன்: சரி, வெட்டியாச்சு. அடுத்தது... என்ன இது? மிசிசிப்பி, மசாச்சுசெட்ஸ், டல்லாஹாசி... ஒரு பந்திக்குள்ள இவ்வளவு ஊரோ?

தர்மிகா: வரலாறு அங்கதான் நடந்தது. அதுக்கு நான் என்ன செய்ய?

யனுஷன்: அவளுக்கு வாயில வராதெண்டு தெரிஞ்சுகொண்டு எழுதியிருக்கிறீர்.

தர்மிகா: வராட்டி என்ன? பிழையாச் சொன்னாலும் உங்களுக்கு வடிவுதானே. பாரிசில வளந்தவள். தொண்டைக்குள்ள ஒரு உருட்டு உருட்டினாளெண்டா உங்கட முகம் கார்த்திகை விளக்கு. போன கிழமை பாத்தனான். அதே சொல்லை நான் சொன்னா...

யனுஷன்: நான் ஒண்டும் சொல்லேல்லையே!

தர்மிகா: ‘கொஞ்சம் பிளேஸ்டோ இழுவை இருக்கு’ எண்டனீங்கள். ஒன்பது வயசில லண்டனுக்கு வந்து பிளேஸ்டோவில படிச்ச பிள்ளைக்கு வேற எந்த இழுவை வரும்? ராணி வீட்டு இழுவையோ?

யனுஷன்: உம்மட சித்தப்பாட மோள்தானே தர்மிகா... மூண்டு மாசம் நிண்டிட்டுப் போறதுக்கு வந்தவள்...

தர்மிகா: என்ர அறையில. என்ர கட்டில்ல. நான் நிலத்தில. காலமை எழும்பினா என்ர ஹெயார் டிரையர் அவளின்ர கையில. அப்பா என்னோட நாலு வசனம் கதைக்கமாட்டார், அவளோட இருந்து பாரிஸ் பகிடி கேட்டுச் சிரிக்கிறார். எல்லாம் எடுக்கட்டும். நான் இராவிராவா இருந்து எழுதின வசனம், அதையும் அவளின்ர வாய்தான் சொல்லவேணுமோ?

யனுஷன்: பொறாமை.

தர்மிகா: ஓம். பொறாமைதான். நான் இல்லையெண்டனானோ?

யனுஷன்: ஷ்... படியில சத்தம். அவள்தான் வாறாள்.

சாருஜா: மீன் ரோல் முடிஞ்சுதாம் அண்ணை, மட்டன்தான் வாங்கினன். கோயில் சனம் முழுக்க கடைக்குள்ள. ஆடி வெள்ளியெல்லோ... அக்கா, மிசிசிப்பியைப் படி ஏறிற நேரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தனான். கேக்கிறீங்களோ?

தர்மிகா: வேண்டாம்.

சாருஜா: கோவமோ?

யனுஷன்: இல்லை, தலைப்புத் தெரிவு செய்யிறம். நீ இரு. மொன்ற்கொமரி பஸ் புறக்கணிப்பு. அது கட்டாயம். ரோசா பார்க்ஸ். பரீட்சைக்கு அடிக்கடி வாறது.

தர்மிகா: அந்த வீடியோ ரோசா பார்க்ஸ் இல்லை. நான் வேற எழுதியிருக்கிறன். கடைசித் தாளைப் பாருங்கோ.

சாருஜா: இஞ்ச தாங்கோ... க்ளோடெட் கொல்வின். ஆ, க்ளோடெட்! இது பிரெஞ்சுப் பேர் அக்கா! எங்கட வகுப்பிலயும் ஒரு க்ளோடெட் இருந்தவள்.

யனுஷன்: கேட்டீரோ? எவ்வளவு வடிவாச் சொல்லுறாள்!

தர்மிகா: முருகா! என்ர தலைப்பிலயும் உவளுக்குத்தான் வாய்க்குது.

சாருஜா: ஆர் அக்கா இவ?

தர்மிகா: அந்த நேரம் அமெரிக்காவில, தென்பக்கத்தில, பஸ்ஸில கறுப்பு ஆக்கள் எழும்பி வெள்ளைக்காரருக்கு இடம் விடவேணும். ரோசா பார்க்ஸ் எழும்பமாட்டன் எண்டவா, பிடிச்சு மறியலில போட்டவங்கள், ஊரே பஸ்ஸில ஏறாமல் விட்டது. அது எல்லாருக்கும் தெரியும். ஆனா அதே வருசம், அதே ஊரில, அவவுக்கு முதலே ஒருத்தி எழும்பேல்லை. பள்ளிக்கூடப் பெட்டை. பதினைஞ்சு வயசு. பொலிஸ் வந்து இழுத்துக்கொண்டு போனது.

சாருஜா: பிறகேன் எனக்கு அவளைத் தெரியாது?

தர்மிகா: அவளின்ர ஆக்களே அவளை முன்னுக்கு விடேல்லை. சின்னப் பெட்டையாம். வாய்க்காரியாம். ஏழையள் இருக்கிற பக்கமாம். பிறகு வயித்தில பிள்ளை வேற. வழக்குப் போட்டவையில அவளும் ஒருத்தி. அந்த வழக்குத்தான் வெண்டது. எண்டாலும் முகம் வேற ஆளின்ர.

சாருஜா: பாவமெல்லோ...

யனுஷன்: பாவந்தான். ஆனா அவை செய்ததிலயும் பிழையில்லை. பெரிய ஒரு காரியத்தைத் தொடங்கேக்க, ஆரும் விரல் நீட்ட ஏலாத ஆளைத்தான் முன்னுக்கு விடவேணும். அதுதான் புத்தி.

தர்மிகா: அப்ப என்னில விரல் நீட்ட என்ன இருக்கு?

யனுஷன்: நான் உம்மைப் பற்றியோ கதைச்சன்?

தர்மிகா: நான் வந்ததிலயிருந்து என்னைப் பற்றித்தான் கதைக்கிறன். எங்கட பத்மநாதன் வீட்டில முதல் பட்டம் என்ர. பட்டமெடுத்த படத்தை சாமிப்படத்துக்குப் பக்கத்தில கொழுவியிருக்கினம், வாற போற எல்லாருக்கும் காட்டீனம். படம் வாய் திறக்காதெல்லோ, அதால அதில ஒருத்தருக்கும் பயமில்லை. நான் வாய் திறந்தா மட்டும் என்ன வருத்தம் உங்களுக்கு?

யனுஷன்: தர்மிகா, இன்ரநெற்றில ஒருக்காப் போட்டா பிறகு அழிக்க ஏலாது. சனம் கீழ கண்டதையும் எழுதும். உடுப்பைப் பற்றி எழுதும், நிறத்தைப் பற்றி எழுதும். கனடாவில இருக்கிற பெரியம்மா பாப்பா, அவவின்ர மருமக்கள் பாப்பினம்...

தர்மிகா: ஆரின்ர பெரியம்மா?

யனுஷன்: ...பொதுவாச் சொன்னன்.

தர்மிகா: எனக்குக் கனடாவில பெரியம்மா இல்லை.

சாருஜா: எங்களுக்குக் கனடாவில ஒருத்தருமே இல்லை அண்ணை. எல்லாரும் பாரிசும் இஞ்சயும்தான்.

தர்மிகா: நீ கொஞ்சம் பொறு. அண்ணை, சாருஜாவைப் பாத்துச் சனம் கண்டதையும் எழுதாதோ?

யனுஷன்: எழுதினா எழுதட்டுமே! அவள் என்ன, எங்கட வீட்டுக்கே வரப்போறாள்?

தர்மிகா: உங்கட வீட்டுக்கோ?

யனுஷன்: இல்லை... நான் சொல்ல வந்தது...

சாருஜா: எழுதட்டுமோ?

யனுஷன்: சாருஜா, அது சும்மா வாயில வந்தது...

சாருஜா: நான் வடிவெண்டபடியா நிக்க விட்டிருக்கினம் எண்டு அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னனான். அம்மா பாரிசில லா சப்பல்ல இருக்கிற தமிழ்க் கடைக்காரர் முழுப்பேருக்கும் சொல்லிப்போட்டா. ‘என்ர மோள் லண்டனில வரலாறு படிப்பிக்கிறாள்’ எண்டு... என்ர பேர் கெட்டாப் பரவாயில்லை எண்டோ என்னை நிப்பாட்டினீங்கள்?

தர்மிகா: அழாத. ரோலைத் தின்.

சாருஜா: நீங்கள் பேசாதேங்கோ அக்கா! உங்களைப் பாத்தா எனக்கு எரியுது. ஒரு கிழமையா வீட்டில உங்கட அம்மா போனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள்ள போய்க் கதைக்கிறா. என்னவோ ஏதோ எண்டு நினைச்சன். இதுதானோ? உங்களை ஒளிச்சு வைச்சுக் காப்பாத்தவெண்டு ரெண்டு வீட்டில ஆக்கள் நிக்கினம். என்னை மட்டும் பழஞ்சாக்கு மாதிரி வெயில்ல போடீனம்...

தர்மிகா: ஒளிச்சு வைக்கிறது உனக்கு வேணுமெண்டா எடுத்துக்கொள். சும்மாவே தாறன்.

யனுஷன்: ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ! தர்மிகா, இது உமக்கு இப்பிடித் தெரிய வந்திருக்கக்கூடாது. ஆடியில நல்ல கதை கதைக்கிறேல்லை, ஆவணி பிறக்க முறையா வந்து கேப்பமெண்டு அம்மா சொன்னவா. குறிப்புப் பொருந்தீட்டுது. உங்கட அம்மா அப்பாவுக்குச் சம்மதம். எங்கட அம்மாவுக்கு ஒரே ஒரு விசயம்தான்... மருமோள் கமெராக்கு முன்னால நிக்கப்படாதாம்.

தர்மிகா: உங்களுக்கு?

யனுஷன்: எனக்கென்ன?

தர்மிகா: நீங்கள் என்ன சொன்னனீங்கள் அவவுக்கு?

யனுஷன்: நான்... இப்ப ஓமெண்டு வைப்பம், கலியாணம் முடியப் பிறகு பாப்பம் எண்டு...

தர்மிகா: எனக்கென்ன சொன்னனீங்கள்? பிளேஸ்டோ இழுவையெண்டு.

யனுஷன்: வேற என்னத்தைச் சொல்ல? உண்மையைச் சொல்ல ஏலாதே!

தர்மிகா: ரெண்டு கிழமையா வீட்டில கதவைச் சாத்திப்போட்டுச் சொல்லிச் சொல்லிப் பாத்தனான், அண்ணை. மிசிசிப்பி, மிசிசிப்பி எண்டு. பிபிசிக்காரி மாதிரி. இழுவை போகட்டுமெண்டு. உவள் பாவம், படியில சொல்லிக்கொண்டு வந்தாளெண்டு நான் முகத்தைத் திருப்பினன். நான் அதையே கண்ணாடிக்கு முன்னால நிண்டு செய்தனான்.

சாருஜா: அக்கா...

யனுஷன்: சரி. சரி! நீரே நில்லும். ஆறு வீடியோவிலயும் நில்லும். அம்மாவோட நான் கதைக்கிறன். இண்டைக்கே கதைக்கிறன்... எங்க, பையைத் தூக்கிறீர்?

தர்மிகா: கடைசித் தாளைத் தாங்கோ. க்ளோடெட்டை நான் கொண்டு போறன். மற்ற அஞ்சும் கிடக்கட்டும், சாருஜா விரும்பினா நிக்கட்டும், விரும்பாட்டி நீங்களே நில்லுங்கோ.

யனுஷன்: அதை என்ன செய்யப்போறீர்?

தர்மிகா: என்ர போன் இருக்கு. என்ர வாய் இருக்கு. இழுவையோடயே போடுவன்.

யனுஷன்: தர்மிகா, நில்லும்! இப்பதானே உமக்குத் தெரியும், ஆறுதலா யோசியும். அம்மாமார் கதைச்சது போகட்டும், உம்மட விருப்பத்தை ஒருத்தரும் இன்னும் கேக்கேல்லையே...

தர்மிகா: கேட்டவை. போன வெள்ளி கோயில்ல உங்கட அம்மா, கமலாம்பிகை அன்ரி, என்ர கையை விடாமல் பிடிச்சு வைச்சுக்கொண்டு நிண்டவா. அர்ச்சனை முடிஞ்சும் விடேல்லை. வீட்டை வந்து அம்மாவைப் பிடிச்சு உலுப்பினன், எல்லாத்தையும் சொல்லிப்போட்டா. கமெராவையும் சேத்து.

யனுஷன்: அப்ப... உமக்குத் தெரியுமோ? தெரிஞ்சு கொண்டோ வந்து கேட்டனீர்?

சாருஜா: அக்கா, உங்களுக்கு முதலே தெரியுமோ?

யனுஷன்: பொறு, சாருஜா... தர்மிகா, வந்த உடனை அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போட்டீரே. சமையலெண்டு... அது என்ன?

தர்மிகா: வரலாறு படிச்சு என்ன வேலை கிடைக்குமெண்டு சனமெல்லாம் கேக்கேக்க, ‘நீ எழுது’ எண்டு சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான். அதால, கலியாணத்துக்கு ‘ஓம்’ எண்டு அம்மாவுக்கு அடிச்சு, அனுப்பாமல் வைச்சுக்கொண்டுதான் இந்தப் படி ஏறினனான். நீங்கள் ‘ஏலாது’ எண்டு ரெண்டாந்தரம் சொல்லேக்க அதை அழிச்சுப்போட்டு, வேண்டாமெண்டு அனுப்பினனான்... வாறன் அண்ணை.