பின்சீட் இல்லாத கல்யாணக் கார்

பிள்ளைகளே, மொரீஷியஸில் போர்லூயியிலிருந்து மோகா போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு டாக்சிக்காரர், தன் மச்சானோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய கார் காரேஜில் இருந்தது.

"பின்சீட்டைக் கழட்டிட்டேன், மச்சான். ரேடியோ போட்டா அந்த மெத்தை சத்தத்தைக் குடிச்சிடுது."

"அப்புறம்?"

"அந்த இடத்துல தேயிலைப் பெட்டி வச்சு, உள்ள பெரிய ஸ்பீக்கர். மேளம் நெஞ்சுல இடிக்குது."

"ஞாயித்துக்கிழமை உங்க பாப்பாவுக்குக் கல்யாணம். கோயிலுக்கு அந்தக் கார்லதானே, அத்தான்?"

"அதுக்காகத்தானே இவ்வளவும்."

"பாப்பா எங்க உக்காரும்?"

டாக்சிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முன்னால, என் பக்கத்துல."

"ஐயோ, அப்போ அக்கா?"

"பின்னால வேற வண்டியில வரட்டும். அங்கேயும் பாட்டு கேக்கும்."

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அதுக்குத்தானே உன்னைக் கையோட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."