சிதியர்கள் எங்கே போனார்கள்

"அந்தச் சிதியனுங்க அப்புறம் இன்னாதான் ஆனாங்க?" என்று எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மாள் கேட்டாள். பேருந்து ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிக் காஞ்சிபுரம் போய்க்கொண்டிருந்தது. அஞ்சல்வழி வரலாற்றுப் பட்டத் தேர்வு எழுதப் போகும் அவள் மருமகள் பக்கத்தில் அமர்ந்து, கருங்கடலுக்கு வடக்கே பழங்காலத்தில் வாழ்ந்த சிதியர் என்ற நாடோடிகளைப் பற்றி எழுதிவைத்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"கிழக்கேருந்து சர்மாத்தியர்னு குதிரைக்காரங்க வந்து நாட்டைப் புடிச்சிட்டாங்க, அத்தே. சிதியர் அழிஞ்சிட்டாங்க."

"அல்லாருமா?"

"இல்ல. கொஞ்சம் பேரு தெற்கே கடலோரமா ஒதுங்கிட்டாங்க. மிச்சம் பேரு வந்தவங்களோடயே கலந்துட்டாங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு அழிஞ்சாங்கன்னு எழுதிகினுகீற? நீ வூட்டுக்கு வந்து மூணு வருசமாவுது. உங்க பெங்களூராட்டம் நானும் கொழம்புல வெல்லம் போடறேன். நான் இன்னா அழிஞ்சா பூட்டேன்?"

மருமகள் நோட்டில் 'அழிந்தனர்' என்ற சொல்லை அடித்துவிட்டாள். பிறகு அத்தையின் தோளில் சாய்ந்துகொண்டு மேலே படிக்கத் தொடங்கினாள்.