பாதிக் கப்பு

போதும்மா, போதும். பாதிக் கப்புக்கு மேல காபி ஊத்தாதீங்க. காரணம் இருக்கு.

ஆமா, அந்தப் பத்திரிகைக்காரங்க பஸ்ல வந்தவன்தான். அவங்க காலையிலயே அடுத்த ஓட்டுக்கு ஃப்ளோரிடா கிளம்பிட்டாங்க. நான் போகல. செனட்டர் டாங்கன் கதைதான் உங்க நியூ ஹாம்ப்ஷயரோட முடிஞ்சுபோச்சே. கட்சிக்குள்ள நடக்கற முதல் ஓட்டுலயே தோத்தவரை யாரு ஜனாதிபதியாக்கப் போறா?

நீங்களும் அவருக்குப் போடலியா? கை நடுங்கற ஆளை நம்பி எப்படிப் போடறதுங்கறீங்களா? சரிதான். எந்தப் பேப்பர்ல படிச்சீங்க? எல்லாத்துலயும் வந்துச்சா? வரும், வரும்.

எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. டாங்கன் ஓட்டுக் கேக்கப் போன ஷூ ஃபேக்டரி கேன்டீன் சின்னது. எங்க நாப்பது பேரையும் உள்ள விடமாட்டாங்க. எங்கள்ல ஒருத்தன் போய்ப் பார்த்து எழுதிக் குடுக்கணும், மத்தவன் பஸ்ல குந்திக்கிட்டு அதையே தன் பேர்ல அனுப்பிடுவான். முறை வெச்சுப் போறதுதான். அன்னிக்கு என் முறை.

நான் அவங்க மாதிரி எழுதறவன் இல்லம்மா. நேத்துக் குடிச்சது, இன்னிக்குப் பயந்தது, எல்லாத்தையும் செய்தியில கலந்து விடுவேன். எங்க பத்திரிகை படிக்கறவனுக்கு அது தெரியும், சிரிச்சுட்டுப் போவான். அன்னிக்கும் அப்படித்தான். டாங்கன் காதுல புகை வந்துச்சு, முதலாளி நாற்காலிக்கடியில முதலை படுத்திருந்துச்சு, டாங்கன் கையில காபி தளும்பிச்சு. பஸ்ல இருந்த மகானுங்க புகையை வெட்டினானுங்க, முதலையை வெட்டினானுங்க, காபியை மட்டும் வெச்சுக்கிட்டானுங்க. நாப்பது பேப்பர்ல ஒரே வரி. ஒருத்தனாவது நெஜமாடான்னு கேக்கணுமே.

பொய்யான்னா கேக்கறீங்க? காபி தளும்பினது நெஜம்தாம்மா.

கல்லாப்பெட்டி மேல படத்துல அது யாரு, பட்டாளச் சட்டையில? மகனா? வியட்நாம்லயா இருக்கான்? எப்போ கடைசியா லெட்டர் வந்துச்சு?

ம்.

ஜெயிச்சா தொண்ணூறு நாள்ல சண்டையை நிறுத்தி, பசங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன்னு அதே கேன்டீன்லதான் டாங்கன் சொன்னாரு. அதையும் எழுதிக் குடுத்தேன். எவனும் போடல.

துணியைக் குடுங்க, நானே துடைக்கறேன். பாதி ஊத்தியும் சிந்திடுச்சு பாருங்க. வருஷக்கணக்காச் சாராயம் குடிச்சா கை இப்படித்தான் ஆகும். கேன்டீன்லயும் இதே கூத்துதான். டாங்கன் பார்த்தாரு. என் கப்பை அவர் கையால பிடிச்சுக்கிட்டாரு, நான் குடிச்சு முடிக்கற வரைக்கும். அப்பிடி ஒரு ஆடாத கை.

பஸ்ல வந்து எழுத உக்காந்தேன். என் நடுங்கற கையை அவருக்கு வெச்சு எழுதிப் பார்த்தேன், படிக்க நல்லா இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்.