நயினார் மில்லுத் தவிடு

— அதாங்க நயினாரே, இனிமே அந்த அன்புமணிக்குத் தவிடு போடாதீங்க. உங்க மில்லுத் தவிட்டுல அவன் புழு வளக்குறான்.

— இன்னா துரைக்கண்ணு, தவிட்டை நாள்பட வச்சா புழு வைக்கத்தான் செய்யும்.

— தானா வைக்கிற புழு இல்லீங்க. ஒரு கருப்பு ஈயோட புழு. தொட்டி தொட்டியா நெளியுது. கொழுத்ததும் வெந்நீர்ல போட்டு, காயவச்சு, மாவா அரைச்சு குட்டை மீனுக்குத் தூவறான்.

— அய்யய்யோ! பொழுது சாயறதுக்குள்ள ஒருவாய் சாப்பிடலாம்னு எழுந்தேன். இனி எங்கய்யா இறங்கும்?

— எறும்பைக்கூட ஊதித் தள்ளிட்டு உக்கார்ற சமண வம்சம் உங்க வம்சம். அந்தப் பாவம் உங்க தலையில விடியலாமா?

— என் பாவத்தை நான் பாத்துக்கறேன். உன் சித்தப்பன் மவன் நல்லா இருந்தா உனக்கு இன்னாய்யா வந்துது?

— எரியுதுங்க! பக்கத்து பக்கத்துக் குட்டை. அவலூர்பேட்டை யாவாரி வண்டியை நேரா அவன் கரையாண்ட நிறுத்தறான். என் பக்கம் திரும்பறதுகூட இல்ல. எம் பொண்டாட்டியே, ‘அன்புமணி மீனு எம்மாம் ருசி’ன்னு என் எதிரவே சொல்றா. இதுல அவன் வேற, ‘வாண்ணே, சொல்லித் தர்றேன்’ங்கறான். என்னாண்ட வலை இரவல் கேட்டு நின்னவன், எனக்குச் சொல்லித் தர்றானாம்!

— சரி, என்னை இன்னா பண்ணச் சொல்ற?

— தவிட்டை நிறுத்துங்க. புழு செத்துடும். அவன் மீனும் என் மீன் மாதிரி சூம்பிப் போவட்டும்.

— உன் மீனுக்கு நீ இன்னா போடற?

— உங்க தவிடுதாங்க! புண்ணாக்கோட பிசைஞ்சு மூட்டை மூட்டையா கொட்றேன். தவிடு புண்ணாக்குல எம்மாந்தான் வளரும்?

— இரு, இரு. மீன் குட்டைக்கு நான் தவிடு தர்றதில்லன்னு ஊருக்கே தெரியும். மாட்டுக்குன்னு சொல்லித்தானே நீ வாங்கற?

— அது... மாடும் திங்குதுங்க, நயினாரே. அன்புமணி மட்டும் இன்னா, அவனும் அப்படிச் சொல்லித்தானே வாங்கியிருப்பான்?

— அவன் வாங்கவே இல்லைய்யா! முதல் நாளே வந்து, புழுவுக்கு, மீனுக்குன்னு உள்ளதைச் சொன்னான். நமக்கு ஆவாதுப்பான்னேன். கும்புட்டுட்டுப் போயிட்டான். செஞ்சி ஓட்டலுங்கள்ல மீந்து போறதை வாரிட்டு வந்து புழு வளக்கறானாம். நீ உன் வண்டியில ஏத்தின தவிட்டு மூட்டைங்களை இறக்கு.