ஐந்துக்குக் கீழே

கோழிக் கஞ்சிக்கு இஞ்சியை நசுக்கிப் போடக் கூடாது, மானங் எர்லிண்டா. மெல்லிய குச்சிகளாக நறுக்கிப் போட வேண்டும். நசுக்கினால் காரம் முழுக்க இறங்கிவிடும். மருந்து ஏறி வாயெல்லாம் புண்ணாகிக் கிடக்கிறவளால் ஒரு வாய்கூட விழுங்க முடியாது. இதையெல்லாம் உங்கள் தங்கை ஜெனலினுக்காகத்தான் கற்றுக்கொண்டேன். அவளுக்கு அக்கா என்றால் எனக்கும் மானங்தானே.

ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்று கேட்டீர்கள். ஜெனலின் தினமும் கருத்தடை மாத்திரை சாப்பிட்டாள் என்றால் கர்ப்பம் எப்படி உண்டானது என்று. வாந்தியில் போயிருக்கும் என்றேன். அது உண்மை இல்லை. நீங்கள் ரியாத்தில் இருந்தபடி போனில் கேட்டதை வைத்துத்தான் எங்கள் வாழ்க்கையை அறிவீர்கள். அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

முதல் முறை குழந்தை என்று நாங்கள் கொண்டாடியது முத்துப்பிள்ளைக் கர்ப்பம். உள்ளே குழந்தை இல்லை. திராட்சைக் கொத்து மாதிரி நீர்க்குமிழிகள். சுத்தம் செய்த பிறகும் மிச்சம் தங்கி, புற்றாக மாறி, நுரையீரலுக்குப் போய்விட்டது. அரிதான புற்றுதான், ஆனால் மருந்துக்கு அடங்கும் என்றார் டாக்டர் வில்யருஸ். கர்ப்பிணிகளின் இரத்தத்தில் இருக்கும் ஒரு சுரப்பை அளந்து பார்ப்பார்கள். அந்த எண் ஐந்துக்குக் கீழே வந்தால் நோய் அடங்கியது என்று அர்த்தம். முதல் நாள் அவளுக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் கிமராஸ் தீவிலிருந்து இலோயிலோ நகரத்து ஆஸ்பத்திரிக்குப் படகில் போவோம். படகுத்துறையில் பயணிகள் பெயர் எழுதுவது என் வேலை. எங்கள் இருவர் பெயரையும் நானே எழுதிவிட்டு ஏறுவேன். அவள் துண்டை வாயில் பொத்திக்கொண்டு இருமுவாள். பிறகு துண்டை விரித்துப் பார்க்காமல் மடித்து வைத்துக்கொள்வாள். நானும் பார்க்க மாட்டேன். எண்ணைச் சொல்லக் கூப்பிடும்வரை ஆஸ்பத்திரி பெஞ்சில் என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருப்பாள். நகம் பதிந்து தோல் கன்றிப்போகும். ஆனாலும் அந்தக் கை வேறு யாரையும் தேடவில்லை என்பதைக் கவனித்திருந்தேன்.

எட்டு மாதம். அவள் முடி கொட்டியபோது நானும் மொட்டை போட்டுக்கொண்டேன். வாந்தி வாளியைக் கழுவினேன், முதுகு துடைத்துவிட்டேன். ஏழு அறைகள் உள்ள பெட்டி ஒன்று வாங்கி, எந்த நாளுக்கு எந்த மாத்திரை என்று வாரம் தவறாமல் நிரப்பி வைத்தேன். அவளுக்கு எதையும் நினைவில் வைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இப்படி ஒரு கணவன் யாருக்குக் கிடைப்பான் என்று நீங்கள்கூட ஒருமுறை போனில் அழுதீர்கள்.

எண் ஐந்துக்குக் கீழே இறங்கிய அன்று வார்டில் இருந்த பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒரு வருஷத்துக்குக் கர்ப்பம் கூடாது. அப்படி உண்டாயிட்டா இந்த நம்பர் தானா ஏறும். அது குழந்தையா, நோய் திரும்பினதான்னு எனக்கே தெரியாது. புரியுதா டெல்பின்?"

புரிகிறது என்றேன். புரியவும் செய்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று பின்னால் யாரும் எனக்காகப் பேச வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திரும்பி வரும்போது படகில் ஜெனலின் காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாதக்கணக்கில் பார்க்காத ஒரு சிரிப்பு அவள் முகத்தில்.

"மானங்கிட்ட பேசிட்டேன் டெல். இந்த ஒரு வருஷம் முடியட்டும், ரியாத்ல வேலை வாங்கித் தரேன்னு சொல்லிட்டாங்க."

"எத்தனை நாளைக்கு?"

"நாலு வருஷம். மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க? அங்க போய் உன் கஞ்சிய நெனச்சு அழப்போறது நான்தான்."

நானும் சிரித்தேன். எங்கள் துறையில் படகோட்டும் நெஸ்டரின் மனைவியும் நாலு வருடம் என்று சொல்லித்தான் ஹாங்காங் போனாள். இது பதினோராவது வருடம். அவன் மதியச் சாப்பாட்டைப் போனுக்கு முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடுவான். திரையில் சில நாள் அவள் இருப்பாள், சில நாள் இருக்க மாட்டாள். ஜெனலின் சாகப்போகிறாள் என்று பயந்தபோதுகூட எனக்குச் சோறு இறங்கியது. அன்று இறங்கவில்லை.

அவளைத் தடுத்திருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். நான் சண்டை போடுகிறவன் இல்லை.

அந்த ஒரு வருடத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த கருத்தடை மாத்திரை மஞ்சள் நிறம், மிகச் சிறியது. மருந்துக்கடையில் ஃபோலிக் அமில மாத்திரையும் ஏறக்குறைய அதே அளவு, அதே நிறம். கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பது, உடம்புக்கு நல்லதுதான். அந்த வருடத்தின் மூன்றாவது மாதத்திலிருந்து பெட்டியின் ஏழு அறைகளிலும் அதைப் போட ஆரம்பித்தேன். காலையில் தண்ணீரோடு நான் நீட்டுவேன். அவள் பார்க்காமலே வாயில் போட்டுக்கொள்வாள். பிள்ளை வந்தால் அவள் போக மாட்டாள் என்பதுதான் என் கணக்கு. அவளுக்கும் பிள்ளை ஆசை உண்டு. யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்தேன்.

ஐந்தாவது மாதம் எண் நூற்றிருபது என்று வந்தது. வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்ப வந்துடுச்சு டெல். எனக்குப் பயமா இருக்கு. என்னைய விட்டுப் போயிடாத."

அது பிள்ளையாகத்தான் இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நடுக்கம் நின்றிருக்கும். நான் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். மூன்று வாரம் அப்படியே கழிந்தது. ஸ்கேனில் கரு தெரிந்ததும் மாத்திரை விட்டுப்போனதா என்று டாக்டர் கேட்டார். ஒரு நாள்கூட இல்லை, இவர்தான் எடுத்துக் கொடுப்பார் என்று ஜெனலின் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நடுவில் இரண்டு மூன்று நாள் வாந்தி எடுத்தாளே என்றேன். ஆமாம், என் தப்புதான் என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

எண் ஏறும் வேகம் சரியில்லை, நெஞ்சைப் படம் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். பிள்ளைக்கு ஆகாது என்று அவள் மறுத்துவிட்டாள். வயிற்றில் ஈயத் துணியைப் போர்த்திவிட்டு எடுக்கலாம், ஆபத்து இல்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். என்னையும் எடுத்துச் சொல்லச் சொன்னார். அவள் இஷ்டம் டாக்டர் என்றேன். அன்று சாயங்காலம்தான் அவள் உங்களுக்குப் போன் செய்து வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். நான் கஞ்சிக்கு வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

கர்ப்பத்தின் நாலாவது மாதம் துண்டில் இரத்தம் வந்தது. இந்த முறை நான் துண்டை விரித்துப் பார்த்தேன். உள்ளே பிள்ளையும் இருந்தது, நோயும் திரும்பியிருந்தது. ஒன்றின் எண்ணுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்து வளர்ந்திருக்கிறது. பிள்ளை தங்கவில்லை. ஆண் பிள்ளை. ஜெனலின் அதற்குப் பெயர் வைத்திருந்தாள், என்னிடம் சொல்லவில்லை.

நோய் திரும்பும் என்று நான் நினைக்கவே இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை, மானங். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து என்னை விட்டுப் போகாதே என்று அவள் சொன்னபோது, பிள்ளையோ நோயோ, எதுவானாலும் பரவாயில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. இரண்டில் எது வந்தாலும் அவள் வீட்டில்தான் இருப்பாள்.

இப்போது முன்னைவிடக் கடுமையான மருந்து ஏற்றுகிறார்கள். போன செவ்வாய் எண் முந்நூறுக்கு இறங்கிவிட்டது. இன்னும் இரண்டு சுற்றில் ஐந்துக்குக் கீழே போய்விடும் என்றார் டாக்டர். பக்கத்துக் கட்டில் பெண் கை தட்டினாள். நானும் தட்டினேன். மானங்கிட்ட சொல்லு, குணமானதும் மறுபடி அந்த வேலையைக் கேட்டுப் பார்க்கலாம் என்றாள் ஜெனலின். சொல்கிறேன் என்றேன். இதோ, சொல்லிவிட்டேன்.

லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொன்னீர்கள். வாருங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். ஆனால் இந்தக் காகிதத்தை அவளிடம் காட்டாதீர்கள். காட்டினால் அவள் என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாள். அப்புறம் பாவம், அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?